ஆத்தாள் அருளா? உயிரணுவின் நினைவா?

(பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



நம் உடம்பிலுள்ள ‘பி’ செல் என்னும் உயிரணுவைப் பற்றியும், அதை உயிருள்ள உடம்புக்குள்ளேயே பார்த்து ஆராய்ச்சி செய்தவர்களைப் பற்றியும் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், நான் காலேஜ் படிப்புப் படித்தவனல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறேன். ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியவைகளைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் படித்து, எனக்கு விளங்கின அளவில் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறது. இது நம் பாட்டிமார்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புண் காலில் இருக்க, வீக்கம் ஏன் இடுப்பண்டை வரவேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? அதுபோலவே, ஒரு தரம் தட்டம்மை வந்தவனுக்கு மறுபடி அது வருவதில்லை என்பதும் தெரிந்த சங்கதி. ஏன் வருவதில்லை என்று கேட்டால், “ஆத்தாள் ஒரு தரம் வந்துவிட்டுப் போய்விட்டாள், இனி வரமாட்டாள்” என்று சமாதானம் சொல்லிவிடுகிறோம். சமாதானம் சொன்னவுடன் கேள்வி செத்துப்போகிறது. கேள்வி செத்தால் அறிவும் அத்தோடு நின்றுபோகிறது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றே. அந்தப் பதில் அந்த நெறிக்கட்டிக்குள்ளேதான் இருக்கிறது.

ஆத்தாள் இல்லாத ஊரில் என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். டென்மார்க்கைச் சேர்ந்த பாரோ தீவுகள் என்று வட அட்லாண்டிக் கடலில் சில தீவுகள் இருக்கின்றன. அங்கே மாரியம்மன் கோவிலும் கிடையாது, வேப்பமரமும் கிடையாது. 1781-ல் அத்தீவுகளில் தட்டம்மை பரவிற்று. பிறகு 65 வருஷ காலம் அந்நோய் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1846-ல் ஒரு கப்பலோடு மறுபடி வந்து சேர்ந்தது. சுமார் 7,800 ஜனங்களில் சுமார் 6,000 பேர் படுக்கையில் விழுந்தார்கள். பானும் என்னும் 25 வயது வாலிப டாக்டர் அங்கே போய் வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுத்தார். 1781-ல் தட்டம்மை வந்து பிழைத்த கிழவர்களும் கிழவிகளுமாக 98 பேர் அப்போது உயிரோடிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்காவது இரண்டாம் தரம் நோய் வரவில்லை. 65 வருஷத்துக்கு முன் வந்த எதிரியை அந்த உடம்புகள் மறக்கவில்லை. அவர்களில் பலருக்கு அந்த நோய் வந்ததே ஞாபகமில்லாமல் போயிருக்கலாம், உடம்புக்கு ஞாபகமிருந்தது. அந்த ஞாபகம் எங்கே தங்கியிருந்தது?

1890-ல் பெர்லின் நகரத்தில் பெரிங் என்ற ஜெர்மானியரும், கிடசாடோ என்ற ஜப்பானியரும் ஒரு பரீட்சை செய்தார்கள். நோய் விஷத்தைத் தாங்கிப் பழகிய பிராணியின் இரத்தத்திலிருந்து தெளிநீரை எடுத்து வேறொரு பிராணிக்குச் செலுத்தினால், அதுவும் அந்த விஷத்தைத் தாங்குகிறது என்று காட்டினார்கள். ஆகவே இரத்தத்தில் ஏதோ ஒரு எதிர்ப்பொருள் உண்டாகிறது என்பது தெரிந்தது. அதை உண்டாக்குவது யார் என்பது அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் தெளிவாகவில்லை. 1948-ல் ஸ்வீடன் தேசத்து ஆஸ்ட்ரிட் பாக்ரேயுஸ் என்னும் பெண்மணி, பிளாஸ்மா செல் என்னும் ஒருவித உயிரணுவே அதைத் தயாரிக்கிறது என்று எடுத்துக் காட்டினார். அந்தப் பிளாஸ்மா செல் எதிலிருந்து உண்டாகிறது என்ற கேள்விக்கு வழி காட்டினது ஒரு கோழி.

கோழியின் பின்புறத்தில், மலத்துவாரத்துக்கு மேலே, ஒரு சிறு பை இருக்கிறது. இத்தாலி தேசத்துப் பாப்ரிஷியஸ் என்பவர் அதைக் கண்டு எழுதினது 1621-ல் அச்சாயிற்று. அது எதற்காக இருக்கிறது என்று 300 வருஷங்களுக்கு மேல் எவருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ சர்வகலாசாலையில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் சில கோழிக்குஞ்சுகளிடமிருந்து அப்பையை எடுத்துவிட்டுப் பார்த்தார். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு திமோதி சாங் என்ற அவருடைய தோழர், வகுப்பில் எதிர்ப்பொருளைக் காட்டுவதற்காக அதே கோழிகளில் சிலவற்றை வாங்கிக் கிருமியைச் செலுத்தினார். அவைகளில் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை! பை இல்லாத கோழிக்கு எதிர்ப்பொருள் இல்லை என்பது இப்படித் தற்செயலாக வெளிவந்தது. இதை எழுதி ஒரு பெரிய விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்துவிட்டது. 1956-ல் கோழி வளர்ப்பு விஞ்ஞானப் பத்திரிகையில்தான் அது அச்சாயிற்று. 1965-ல் மாக்ஸ் கூப்பர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் அதை விரிவாக நிரூபித்தார்கள். அந்தப் பைக்கு ஆங்கிலத்தில் ‘பர்ஸா’ என்று பெயர். அதன் முதல் எழுத்தைக் கொண்டே ‘பி’ செல் என்று பெயர் வந்தது. மனிதனுக்கு அந்தப் பை கிடையாது. நமக்கு அவை எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன.

நான் இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறேன் என்றால், ஞானம் எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்த்து மதிக்கும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. உலகத்துக்கு உபகாரமான இந்த ஞானம் எந்தத் தேவனுடைய முகத்திலிருந்தும் வரவில்லை. கோழியின் பின்புறத்திலிருந்து வந்தது! அதற்காக அதை யாரும் தீட்டு என்று தள்ளிவிடவில்லை.

இந்த ‘பி’ செல் என்ன செய்கிறது? ஒவ்வொரு ‘பி’ செல்லும் தன் மேற்புறத்தில் ஒரேவிதமான கொக்கிகளை வைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த செல்லிலுள்ள கொக்கி வேறுவிதமானது. சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவதுபோல, பரம்பரை எழுத்தின் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து இத்தனை விதக் கொக்கிகள் உண்டாகின்றன. இதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் டொனெகாவாவுக்கு 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே வந்த கிருமிக்கு எந்தக் கொக்கி பொருந்துகிறதோ, அந்தச் செல் பெருகுகிறது. பெருகினவைகளில் சில பிளாஸ்மா செல்லாகி எதிர்ப்பொருளைக் கொட்டுகின்றன. சில நினைவுச் செல்லாகி வருஷக்கணக்காகக் காத்திருக்கின்றன. பாரோ தீவுக் கிழவர்களின் ஞாபகத்தில் ஒரு பங்கு இதுவே. 2008-ல் இன்னொரு உதாரணம் வெளிவந்தது. 1918-ம் வருஷத்து விஷக் காய்ச்சல் காலத்தில் உயிரோடிருந்தவர்களில், 91 முதல் 101 வயதுள்ள 32 பேருடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். 90 வருஷம் கழித்தும் அந்தக் காய்ச்சல் கிருமிக்கு எதிரான பொருள் அவர்கள் இரத்தத்தில் இருந்தது. சிலரிடமிருந்து அதைச் செய்யும் ‘பி’ செல்லையே பிரித்தெடுத்தார்கள்.

இவ்வளவும் தெரிந்தும் ஒரு பெரிய குறை இருந்தது. நெறிக்கட்டிக்குள் நடப்பதை யாரும் உயிரோடு பார்க்க முடியாது. அதை வெட்டி எடுத்து, மருந்தில் ஊறவைத்து, காகிதத்திலும் மெல்லிய வில்லைகளாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 1880-ம் வருஷங்களில் ஜெர்மனியில் பிளெம்மிங் என்பவர் அப்படிப் பார்த்து, உள்ளே செல்கள் கும்பலாகப் பெருகும் இடங்களைக் கண்டார். அவற்றை முளைமையம் என்று அழைத்தார். ஆனால், தோழர்களே, செத்த வில்லையைப் பார்ப்பது வாரச் சந்தையை ஒரே ஒரு போட்டோப் பிடித்துப் பார்ப்பது போலத்தான். அந்தப் போட்டோவில் ஆயிரம் பேர் இருப்பார்கள். யார் வாங்க வந்தவன், யார் விற்க வந்தவன், யார் யாரோடு பேசினான், எவன் எந்த வழியே போனான் என்று அதிலிருந்து சொல்ல முடியுமா? ஊகிக்கலாம். ஊகம் சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பதற்கு வழி எப்படிக் கிடைத்தது? ஒரு டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல் சந்தெல்லாம் சிவப்பாகத் தெரியும். மற்ற ஒளியைச் சதை தடுத்துவிடுகிறது. சிவப்பு ஒளியே உள்ளே ஊடுருவி வருகிறது. ஆனால் செல்லுக்கு ஏற்றிய சாயத்தை ஒளிரச் செய்ய அந்தச் சிவப்பு ஒளிக்குப் பலம் போதாது. ஒரு ஆளால் தூக்க முடியாத கல்லை இரண்டு ஆட்கள் ஒரே சமயத்தில் கை கொடுத்துத் தூக்குவதுபோல, இரண்டு ஒளித்துகள்கள் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் அந்த வேலை நடக்கும் என்று 1931-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் மரியா கெப்பர்ட் மாயர் என்னும் ஜெர்மானியப் பெண். அவர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். புருஷன் புரொபஸராயிருக்கும் சர்வகலாசாலையில் பெண்ஜாதிக்கும் உத்தியோகம் கொடுப்பதில்லை என்று சொல்லி, அவரைப் பல வருஷங்கள் சம்பளமில்லாமலே வேலை செய்ய வைத்தார்கள். வேறொரு கண்டுபிடிப்புக்காக 1963-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பெண்ணுக்குப் புத்தி குறைவு என்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

அவர் போட்ட கணக்கைக் கொண்டு 1990-ல் கார்னெல் சர்வகலாசாலையில் டெங்க், ஸ்டிரிக்லர், வெப் என்ற மூவர் ஒரு மைக்ராஸ்கோப் செய்தார்கள். சதையை வெட்டாமலே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பாகம் ஆழம்வரை அதனால் பார்க்க முடிந்தது. இன்னொரு உதவி கடலிலிருந்து வந்தது. கடற்சொறி என்றும் ஜெல்லி மீன் என்றும் சொல்லும் பிராணியில் பச்சையாக ஒளிவிடும் ஒரு பொருளை ஷிமோமுரா என்ற ஜப்பானியர் 1962-ல் வெளியிட்டார். அந்தப் பொருளைச் செய்யும் பரம்பரை எழுத்தை எலியின் செல்லுக்குள் சேர்த்துவிட்டால், செல்லே விளக்கேற்றிக்கொண்டு நடமாடும். இதற்காக 2008-ல் அவருக்கும் மற்ற இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

2002-ல் கலிபோர்னியாவில் காஹாலன், பார்க்கர் என்பவர்களுடைய கூட்டத்தார், எலியின் நெறிக்கட்டியை எடுத்துச் சூடும் பிராணவாயுவும் கொடுத்து, உயிர் போகாமல் காத்து, உள்ளே பார்த்தார்கள். செல்கள் ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருந்தன! ‘பி’ செல் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 6 மைக்ரான் நடக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பாகம். அதன் கூட்டாளியான ‘டி’ செல் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் நடக்கிறது. அடுத்த வருஷமே மயக்க மருந்து கொடுத்த எலியின் உடம்புக்குள்ளேயே இதைப் பார்த்தார்கள்.

இதன் பிறகுதான் நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் ஆரம்பிக்கிறது. சான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ஜேஸன் சைஸ்டர் என்பவருடைய ஆராய்ச்சிச் சாலையில் டிரீ பான் என்ற நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காரர் வேலை பார்த்தார். 2007-ல் அவரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்டது என்னவென்றால், நெறிக்கட்டியின் ஓரத்தில் மாக்ரோபேஜ் என்னும் பெருந்தீனிச் செல்கள் வாசற்காவல் போல் இருக்கின்றன. அவை வெளியிலிருந்து வரும் அந்நியப் பொருளைப் பிடித்து உட்பக்கம் நீட்டுகின்றன. அவ்வழியே போகும் ‘பி’ செல் அதை வாங்கிச் சுமந்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காலில் குத்திய முள்ளின் விஷயம் தொடை இடுக்குக்கு எப்படிப் போகிறது என்று கேட்டோமே, அந்தக் கேள்விக்கு இது பதில். நிணநீர் அழுக்கைக் கொண்டுவருகிறது, வாசலில் ஒருவன் வாங்குகிறான், இன்னொருவன் சுமக்கிறான், உள்ளே செல்கள் பெருகுகின்றன, பெருகுவதால் வீங்குகிறது. நெறி என்பது தோஷமல்ல, தோழர்களே! அது உள்ளே நடக்கும் வேலையின் அடையாளம்.

அதே 2007-ல் முளைமையத்துக்குள்ளும் பார்த்தார்கள். அது வெளியார் நுழைய முடியாத, மூடின இடம் என்று அதுவரையில் எண்ணியிருந்தார்கள். நம்மூர்க் கர்ப்பக்கிரகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் நுஸன்ஸ்வைக் என்பவருடைய கூட்டத்தார் உயிரோடு பார்த்தபோது, வெளியிலுள்ள ‘பி’ செல்கள் தாராளமாக உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தன. நல்ல கொக்கியுள்ள செல் பிந்தி வந்தாலும் உள்ளே இடம் பெறுகிறது என்பதும் தெரிந்தது. புஸ்தகம் மூடியிருக்கிறது என்றது. கண் திறந்திருக்கிறது என்றது. கண் சொன்னதற்குத் தக்கபடி புஸ்தகத்தைத் திருத்தினார்கள். புஸ்தகத்தைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணைக் குத்திக்கொள்ளவில்லை.

அந்த மையத்தில் நடப்பது என்ன? ஒரு பாகத்தில் ‘பி’ செல்கள் பெருகுகின்றன. பெருகும்போது கொக்கியின் எழுத்தில் சிறு சிறு மாறுதல்கள் உண்டாகின்றன. மற்றொரு பாகத்துக்குப் போய்ப் பரீட்சைக்கு நிற்கின்றன. எது அந்நியப் பொருளை அதிகமாகப் பிடித்து எடுத்துவருகிறதோ, அதற்கு ‘டி’ செல்லின் உதவி கிடைக்கிறது. உதவி கிடைத்தது மறுபடி முதல் பாகத்துக்குப் போய்ப் பெருகுகிறது. கிடைக்காதது சாகிறது. 2010-ல் விக்டோரா என்பவர் வேண்டிய இடத்திலுள்ள செல்லை மட்டும் ஒளியால் அடையாளமிட்டு, அது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்து இதை நிரூபித்தார். நோயை எதிர்க்கும் பொருள் நாளாக ஆகக் கூர்மையடைவதன் இரகசியம் இதுதான். இதில் வரமும் இல்லை, சாபமும் இல்லை. மாறுதல், பரீட்சை, தேர்வு என்ற மூன்றுதான் இருக்கின்றன.

டிரீ பான் பிறகு ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்திலுள்ள கார்வன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். நினைவுச் செல்கள் எதிரி இரண்டாம் தரம் வரும்போது எங்கே கூடி வேலையை ஆரம்பிக்கின்றன என்று அங்கே பார்த்தார்கள். 2018-ல் அதை வெளியிட்டார்கள். நெறிக்கட்டியின் மேல் உறைக்குச் சற்றுக் கீழே, எதிரி நுழையும் வாசலிலேயே, அவை தட்டையாக ஒரு கும்பல் கூடி, அங்கேயே பெருகிப் பிளாஸ்மா செல்லாகின்றன. இது இத்தனை காலம் எவர் கண்ணிலும் படாததற்குக் காரணம் என்ன? அது மெல்லியதாயிருப்பதாலும், வேண்டும்போது மட்டும் தோன்றுவதாலும், செத்த வில்லைகளில் தவறிப்போயிற்று. ஒரு தரம் கண்ட பிறகு, மனிதருடைய நெறிக்கட்டி வில்லைகளிலும் தேடிப்பார்த்துக் கண்டார்கள்.

2023-ல் அதே நிலையத்தார் இன்னொன்றைக் காட்டினார்கள். பரீட்சையில் தவறிச் செத்த செல்களைத் தின்று துப்புரவு செய்யும் பெருந்தீனிச் செல்களைப் பிளெம்மிங் 1885-லேயே கண்டு எழுதியிருந்தார். அவை எப்படி உண்டாகின்றன, எப்படி வேலை செய்கின்றன என்பது சுமார் 140 வருஷங்களாகப் புரியாமலிருந்தது. உயிரோடு பார்த்தபோது, அவை பிணத்தைத் தேடி ஓடவில்லை. இடைவெளி விட்டு ஆங்காங்கே உட்கார்ந்தபடியே, கைகளை நீட்டிச் செத்ததை இழுத்துக்கொள்ளுகின்றன. இந்தக் குப்பை அள்ளும் வேலை நின்றுபோனால், உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் லூபஸ் முதலிய வியாதிகளுக்கு இடமாகிறது. எந்தச் சாஸ்திரமும் குப்பை அள்ளுகிறவனைக் கீழானவன் என்றது. அவன் ஒரு நாள் வேலை நிறுத்தினால் ஊர் என்னவாகும் என்பதை அந்தச் சாஸ்திரத்தை எழுதினவன் யோசிக்கவில்லை.

தோழர்களே! இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். செல் இப்படி இருக்கிறது, ஆகையால் சமூகமும் இப்படி இருக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது புருஷ சூக்தம் பாடினவன் செய்த வேலை. ஒரு உடம்பைக் கற்பித்து, முகத்தில் பிறந்தவன் பார்ப்பான், தோளில் பிறந்தவன் க்ஷத்திரியன், தொடையில் பிறந்தவன் வைசியன், காலில் பிறந்தவன் சூத்திரன் என்று உடம்பைக் காட்டி ஜாதியை நிலைநாட்டினான். அவன் எந்த உடம்பைத் திறந்து பார்த்தான்? எந்த மைக்ராஸ்கோப்பை வைத்திருந்தான்? நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: உடம்பைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவர்கள். இப்போது அந்தச் சாட்சி உண்மையாகவே பேச வந்திருக்கிறது. ‘பி’ செல்கள் இடுப்பெலும்பிலும், முதுகெலும்பிலும், விலாவிலும், மார்பெலும்பிலும் பிறக்கின்றன. இடுப்பில் பிறந்ததற்கும் மார்பில் பிறந்ததற்கும் உயர்வு தாழ்வு உண்டு என்று பார்த்தவர்களில் எவரும் சொல்லவில்லை. சாட்சி பேசிய பிறகும் பழைய வழக்கையே சாதிப்பவனுக்கு என்ன பெயர் கொடுப்பது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

இனி, இந்த ஆராய்ச்சியால் நமக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எலியின் நெறிக்கட்டிக்குள் எது நடந்தால் என்ன, எங்கள் வயிறு நிறையுமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு என் வீட்டுக் கதையையே பதிலாகச் சொல்லுகிறேன்.

1988-ல் என் தங்கைக்கு ஒன்றரை வயது. தட்டம்மை போட்டது. ஆத்தாள் வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள், கூழ் ஊற்றினார்கள். அம்மை இறங்கிற்று. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அடுத்த வாரமே மார்ச்சளி கட்டி, மூச்சு முட்டி, இரண்டு நாளில் குழந்தை போய்விட்டது. “ஆத்தாள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்” என்றார்கள். என் தாயார் சாகிறவரையில் தான் ஏதோ குறை வைத்துவிட்டதாகவே நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் பேரில் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் செய்தார்கள். இப்போது நமக்குத் தெரிந்திருப்பதை நாம் செய்யாவிட்டால், அதற்கு மன்னிப்பு கிடையாது.

என்ன தெரிந்திருக்கிறது? 2019-ல் இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. தட்டம்மைக் கிருமி நினைவுச் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த 77 குழந்தைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒத்துப் பார்த்தார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அக்குழந்தைகள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் நூற்றுக்கு 11 முதல் 73 பங்குவரை காணாமற்போயிருந்தது. அதாவது, தட்டம்மை இறங்கிப்போன பிறகும், உடம்பு கற்ற பாடத்தை அது அழித்துவிட்டுப் போகிறது. பிறகு வரும் சளியும் காய்ச்சலும் முன் பழக்கமில்லாத எதிரிபோல் வந்து தாக்குகின்றன. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த நஷ்டம் காணப்படவில்லை. என் தங்கையின் உடம்பில் அன்று என்ன நடந்ததென்று சோதித்தவர் எவருமில்லை. ஆனால் அம்மை இறங்கின வீட்டில் அடுத்த வாரம் ஏன் பிணம் விழுகிறது என்பதற்கு, ஆத்தாள் கோபத்தைவிட நல்ல பதில் இப்போது இருக்கிறது.

அந்த 77 குழந்தைகள் எந்த ஊர் என்று கேளுங்கள். அவர்கள் ஹாலந்து தேசத்துப் பிள்ளைகள்! படிப்பும் பணமும் நிறைந்த தேசம். அங்கே சில கிறிஸ்தவக் கூட்டத்தார், நோயும் சுகமும் ஆண்டவன் சித்தம், அதில் மனிதன் கைவைக்கக்கூடாது என்று தடுப்பூசியை மறுக்கிறார்கள். 2013-ல் அவர்களிடையே தட்டம்மை பரவி 2,600 பேருக்கு மேல் நோய் கண்டது. ஆகவே இது நம்மூர் மூடத்தனம் மட்டுமல்ல. நம்மூர் ஆத்தாளும் அவர்களூர் ஆண்டவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். எந்த மதமானாலும், கேள்வி கேட்காதே என்று சொல்லும் இடத்தில் குழந்தைதான் விலை கொடுக்கிறது.

பெரியம்மை என்னவாயிற்று என்று பாருங்கள். ஆத்தாளின் பெரிய கோபம் என்று நாம் நடுங்கிய நோய் அதுதானே? இந்தியாவில் 1975-க்குப் பிறகு அது பரவவில்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டதென்று பிரகடனம் செய்தார்கள். கூழ் ஊற்றினதாலா ஒழிந்தது? தீ மிதித்ததாலா ஒழிந்தது? அவை ஆயிரக்கணக்கான வருஷங்களாக நடந்தும் ஒழியவில்லையே! ஊசி குத்தினதால் ஒழிந்தது. அந்த ஊசி என்ன செய்தது என்றால், ‘பி’ செல்லுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் எதிரியின் முகத்தை முன்கூட்டியே காட்டிவைத்தது. ஆத்தாள் இன்னும் கோவிலில் இருக்கிறாள். கோபம் மட்டும் எங்கே போயிற்று?

நோயாளியைத் தனியாக வைப்பதும், வீட்டைச் சுத்தமாக வைப்பதும் நல்ல வழக்கங்களே. அவற்றை விடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலை அடைக்கும் பயத்தைத்தான் விடச் சொல்லுகிறேன்.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். விஞ்ஞானம் எதையாவது கண்டுபிடித்தவுடன், “இது எங்கள் வேதத்திலேயே இருக்கிறது” என்று சொல்ல வந்துவிடுவார்கள். இருந்திருந்தால் கோழிப் பையை அறுத்துப் பார்க்க ஒஹாயோ மாணவன் வரும்வரையில் ஏன் காத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும் என்று சொல்லி லேகியமும், தாயத்தும், யாக சாம்பலும் விற்பவர்களிடமும் கேளுங்கள்: எந்தச் செல்லைப் பெருக்குகிறது, பார்த்தது யார், எப்படிப் பார்த்தார், இன்னொருவர் பார்த்தாலும் அப்படியே தெரிகிறதா? இந்த நாலு கேள்விக்கு நிற்பவன் ஆராய்ச்சிக்காரன். நிற்காதவன் வியாபாரி.

விஞ்ஞானிகள் எல்லோரும் தப்பே செய்யாதவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. முளைமையம் மூடியது என்று எண்ணினவர்களும் விஞ்ஞானிகளே. கிளிக்கின் கட்டுரையைத் திருப்பி அனுப்பினவர்களும் விஞ்ஞானிகளே. அவர்களைக் கும்பிடச் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடத்தில் ஒரு குணம் இருக்கிறது. நேற்றுச் சொன்னது தப்பு என்று இன்று கண்டால் திருத்திக்கொள்ளுகிறார்கள், திருத்தினவனைப் பாராட்டுகிறார்கள். நமது புராண சாஸ்திரங்களைத் திருத்த வந்தவனுக்கு என்ன நேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே, தோழர்களே, தாய்மார்களே! நான் உங்களைக் கேட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல. குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்தவுடன் ஒரு தரமும், 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாம் தரமும் சர்க்கார் சுகாதார நிலையத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடுகிறார்கள். காசு கிடையாது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கும், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் போட்டாயிற்றா என்று நாளைக் காலையில் விசாரியுங்கள். அம்மை போட்ட வீட்டில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால், ஆத்தாளைக் கேட்காமல் டாக்டரைக் கேளுங்கள். அடுத்த தரம் தொடை இடுக்கில் நெறி கட்டினால், திருஷ்டி சுற்றிப் போடுவதற்கு முன், உள்ளே இலட்சக்கணக்கான செல்கள் உங்களுக்காக நடந்துகொண்டும், பரீட்சைக்கு நின்றுகொண்டும் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நெறி நாட்பட்டும் கரையாவிட்டால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

65 வருஷம் கழித்தும் எதிரியை மறக்காத உடம்பு நமக்கு வாய்த்திருக்கிறது. அந்த உடம்பைச் சுமக்கும் நாம், நம் குழந்தைகளைக் கொன்ற மூடநம்பிக்கையை ஒரே வருஷத்தில் மறந்துவிட்டு அடுத்த வருஷம் அதற்கே கூழ் ஊற்றப் போகிறோமா என்பதை யோசித்துப் பாருங்கள்.